அந்த ‘உஷ்’ மேடைவரை கேட்டது

கோயம்புத்தூர் ரசிகப் பெருமக்களுக்கு, முக்கியமாக அன்று மாலை முன்வரிசைகளில் அமர்ந்திருந்த உங்களுக்கு,



அன்றைய வயலின் – பியானோ கச்சேரியில் நானும் மேடையில் இருந்தேன். உங்களில் பலர் என்னைக் கவனித்திருக்க மாட்டீர்கள். யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதான் அந்த வேலை. பியானோ வாசித்தவருக்கு இடப்பக்கம், சற்றுப் பின்தள்ளி, சாம்பல் நிறப் புடவையில் உட்கார்ந்து தாள் திருப்பிக்கொண்டிருந்தவள் நான். இந்த ஊரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். உங்களில் சிலருடைய பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள்தாம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

தாள் திருப்புகிறவளுக்கு இசைத்தாளும் தெரியும், வாசிப்பவரின் தோள் அசைவும் தெரியும், தலையை லேசாகத் திருப்பினால் நீங்களும் தெரிவீர்கள். சபையில் இருக்கும் நீங்கள் மேடையைத்தான் பார்க்கிறீர்கள், ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. அன்று நான் உங்களைப் பார்த்தேன்.

முதலில் வாசித்தது பேத்தோவனின் ‘க்ராய்ட்ஸர்’ சொனாட்டா. வயலின் தனியாக, இரண்டு மூன்று தந்திகளைச் சேர்த்து இழுத்து, கோயில் வாசலில் நின்று கூப்பிடுவதுபோல் தொடங்கும். பியானோ அதற்கு இருண்ட குரலில் பதில் சொல்லும். பிறகு இரண்டும் பாய ஆரம்பித்தால் நிற்காது. எனக்குத் தாள் திருப்பவே மூச்சு வாங்கும். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் எல்லாம் அடங்கி, சில தாள அளவுகள் மட்டும் மிக மெதுவாகப் போகும். முடிந்துவிட்டதோ என்று நினைக்கும்போது கடைசியாக ஒரு சீறல். அதோடு முதல் பகுதி முடிந்தது.

அப்போது நான்காவது வரிசை ஓரத்திலிருந்து ஒரு பெரியவர் “அடடா!” என்று சொல்லிக் கைதட்டினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. பக்கத்தில் பத்து வயதுப் பேத்தி, மடியில் அவளுடைய சின்ன வயலின் பெட்டி. அவர் தட்டியதும் பின்னால் பத்திருபது பேர் சேர்ந்து தட்டத் தொடங்கினார்கள். வயலின் வாசித்தவர் முகவாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், பெரியவர் பக்கமாக லேசாகத் தலை தாழ்த்தினார். பியானோக்காரரின் தோள்கள் தளர்ந்ததை ஒரு முழம் தள்ளியிருந்து நான் பார்த்தேன். அத்தனை நேரம் இறுகிக் கிடந்த தோள்கள் அவை.

அடுத்த நொடி முன்வரிசைகளிலிருந்து ‘உஷ்’ என்று வந்தது. ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் கேட்டிருக்காது. ஆறேழு பேர் சேர்ந்து சொன்னீர்கள். இரண்டு பேர் முழுதாகத் திரும்பி அந்தப் பெரியவரைப் பார்த்தீர்கள். அவர் கைகள் தட்டுவதற்கு விரித்த நிலையிலேயே காற்றில் நின்றன. அப்புறம் மெதுவாக அவற்றை இறக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டார். அந்தப் பிள்ளை தாத்தாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அதன்பின் இடைவேளைவரை அந்தக் கைகள் தொடையை விட்டு எழவில்லை.

இது சின்ன விஷயம், இதற்கு ஒரு கடிதமா என்று நீங்கள் நினைக்கலாம். அடுத்து நடந்ததையும் கேளுங்கள்.

இரண்டாவது பகுதி மெதுவானது. ஒரு மெட்டும், அதை நாலு விதமாக மாற்றி மாற்றிப் பார்க்கும் வாசிப்பும். அதன் நடுவில் இரண்டாவது வரிசையில் ஒரு கைப்பேசி அடித்தது. முழுப் பாட்டும் ஓடியது. பையைத் திறந்து, கண்ணாடி மாட்டி, யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்து, பிறகுதான் நிறுத்தினார் அதை வைத்திருந்தவர். வயலின்காரர் மிக மென்மையாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு நீண்ட ஸ்வரம் அதில் மூழ்கிப் போனது. கைப்பேசிக்காரருக்கு யாரும் ‘உஷ்’ சொல்லவில்லை. அவரை உங்களுக்குத் தெரியும், அதுதான் காரணம். இசையைக் கெடுத்தவருக்கு ஒன்றுமில்லை, இசையில் மகிழ்ந்தவருக்குத்தான் அதட்டல். இந்தக் கணக்கு எனக்கு அன்றிரவு தூக்கம் வராமல் செய்தது.

சொனாட்டா முழுதாக முடிந்தபோது இன்னொன்றும் பார்த்தேன். கடைசி நாதம் அடங்கியபின் மூன்று நொடி யாரும் தட்டவில்லை. இசையில் ஆழ்ந்ததால் வந்த அமைதி என்று நீங்கள் சொல்லக்கூடும். இல்லை. மேடையிலிருந்து பார்த்தால் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கேட்கிற சபை முன்னால் சாய்ந்திருக்கும், கண் எங்கேயோ இருக்கும். பயந்த சபை பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கும். அன்று பின்வரிசைகள் எல்லாம் உங்கள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. நீங்கள் தட்டிய பிறகே அவர்கள் தட்டினார்கள். முந்நூறு பேர் இருந்த அரங்கில் தம் காதை நம்பிக் கேட்ட ஒருவரை அதட்டிவிட்டு, மற்ற எல்லோரையும் பார்த்துத் தட்டுகிறவர்களாக ஆக்கிவிட்டோம்.

ஆக்கிவிட்டோம் என்று என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பகுதிகளுக்கு நடுவில் கைதட்டாதே என்று பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். கிரேடு தேர்வுக்குப் போகும் பிள்ளையிடம் எங்கே கைதட்டக் கூடாது என்று சொன்னேன். எங்கே மனம் துள்ளுகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லியிருப்பார்கள், பெற்றோரும் கற்றுக்கொண்டீர்கள். அன்று கேட்ட அந்த ‘உஷ்’ஷில் என் குரலும் இருந்தது. அதனால்தான் இதைத் தனியாக யார் காதிலும் சொல்லாமல், எல்லோர் முன்னிலையிலும் எழுதுகிறேன்.

விதி என்று சொல்கிறோமே, அன்று வாசித்த அதே சொனாட்டாவின் கதையைப் பாருங்கள். 1803ஆம் ஆண்டு மே 24 அன்று வியன்னாவில் அது முதன்முதலாக அரங்கேறியது. பியானோவில் பேத்தோவன், வயலினில் ஜார்ஜ் பிரிட்ஜ்டவர் என்ற கறுப்பினத் தந்தையின் மகன். முதல் பகுதியின் நடுவே பியானோவில் வந்த ஓர் ஓட்டத்தை பிரிட்ஜ்டவர் வயலினில் அப்படியே திருப்பி வாசித்ததும், பேத்தோவன் எழுந்து ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாராம். மெதுவான இரண்டாவது பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொல்லி சபையே கேட்டது. இதை பிரிட்ஜ்டவரே குறித்து வைத்திருக்கிறார். இயற்றியவரே நடுவில் எழுந்து ஓடிய இசை அது. அதற்குக் கைதட்டிய பெரியவரை நாம் அதட்டினோம்.

மோட்சார்ட் 1778இல் பாரிஸிலிருந்து தன் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், தன் சிம்பொனி ஓடிக்கொண்டிருக்கும்போதே மக்கள் கைதட்டியதைப் பெருமையாகச் சொல்கிறார். எந்த இடத்தில் தட்டுவார்கள் என்று முன்கூட்டியே கணித்து, அந்த இடத்தைக் கடைசியில் மறுபடியும் வைத்திருந்தார் அவர். கடைசிப் பகுதியை வயலின்கள் மட்டும் மெல்லத் தொடங்கியதும் சபை தனக்குத்தானே ‘உஷ்’ சொல்லிக்கொண்டதாம். இன்னும் நன்றாகக் கேட்பதற்காகச் சொன்ன ‘உஷ்’ அது. பலத்த நாதம் வந்ததும் அதே கைகள் மீண்டும் தட்டின.

நடுவில் தட்டாமல் இருக்கும் வழக்கம் அதற்கெல்லாம் வெகுகாலம் பின்னால், 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும்தான் வேரூன்றியது. 1882இல் பைராய்ட்டில் வாக்னரின் ‘பார்சிஃபால்’ இசை நாடகம் நடந்தபோது, இசையின் மனநிலை கலையக் கூடாதென்று அவர் ஒரு வார்த்தை சொல்லப்போக, சபை அதை இறுக்கமான விதியாக்கிக்கொண்டது. பின்னொரு நாள் அதே நாடகத்தில் பூப்பெண்கள் காட்சி முடிந்ததும் வாக்னரே மகிழ்ந்துபோய் ‘பிராவோ’ என்று கத்த, அவரையே அதட்டி அடக்கினார்கள். அந்த இசையை எழுதியவர் அவர் என்று இருட்டில் அவர்களுக்குத் தெரியாது.

அந்த வழக்கத்தை நான் இழிவாகச் சொல்லவில்லை. சில இடங்களில் மௌனம்தான் சரி. மெதுவான பகுதி முடிந்து வில் தந்தியை விட்டு எழுந்தபின்னும் நாதம் காற்றில் நிற்கிறதே, அந்த இடத்தில் யாரும் மூச்சுவிடாமல் இருந்தால் வாசிப்பவருக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்லை. ஆனால் அந்த மௌனம் தானாக வரவேண்டும். ஒருவரைக் கூனிக் குறுகவைத்து வாங்குகிற மௌனம் வாசிப்பவருக்கும் பயன்படாது. அன்று அந்த ‘உஷ்’ஷுக்குப் பின், அடுத்த பகுதியைத் தொடங்கும்முன் வயலின்காரர் நான்காம் வரிசையை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் முந்தைய சிரிப்பு இல்லை.

இந்த மண்ணுக்குக் கேட்கத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடும்போது, இரவு இரவாகச் சனங்கள் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். 1965இல் காங்கேயம் பக்கத்து ஊரில் பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் அந்தப் பாட்டை முழுதாக ஒலிநாடாவில் பதிவு செய்தார். கதையின் அண்ணன்மார்களான பொன்னரும் சங்கரும் விழும் படுகளம் வரும்போது கேட்பவர்களும் விழுவார்கள், அழுவார்கள், அருள் வந்து ஆடுவார்கள். அவர்களுடைய தங்கை தங்காள் தண்ணீர் தெளித்து எழுப்பும்வரை சபையே கதைக்குள் கிடக்கும். கேட்பது என்பதை இவ்வளவு தூரம் கொண்டுபோன மக்களின் பேரப்பிள்ளைகள் நாம். நம் கர்நாடக சங்கீத சபைகளிலும் பல்லவி நிரவலுக்கு ‘பலே’ என்கிறோம், தொடையில் தாளம் போடுகிறோம், ஒரு நல்ல சங்கதி விழுந்தால் தலை தானாக ஆடுகிறது. அதே மனிதர், அதே காது, அரங்கில் பியானோ இருக்கிறது என்பதற்காக மட்டும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டுமா?

வயலின் நமக்கு வந்ததும் இப்படித்தான். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னையில் வெள்ளைக்காரர் வாசித்த வயலினைக் கேட்டு மயங்கி, ஐரோப்பியர் ஒருவரிடமே அதைக் கற்றுக்கொண்டார். அது சம்மணமிட்டு உட்காரப் பழகியது, நம் கமகத்துக்கு வளைந்தது. இன்று வயலின் இல்லாமல் நமக்குக் கச்சேரி இல்லை. தனக்குப் பழக்கமில்லாத ஓர் இசையை, அந்தச் சபையின் சம்பிரதாயம் தெரியாத ஒருவர் ஆசையோடு காது கொடுத்துக் கேட்டதிலிருந்து தொடங்கியது எல்லாம்.

பியானோ அப்படி வளையாது. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் இழுத்துப் போக அதற்கு வழியில்லை. ஆனாலும் நம் ஊர்க் குரல் ஒன்று அதற்குள் போயிருக்கிறது. கோயம்புத்தூர் தாயி (1872–1917) என்று கிராமபோன் தட்டுகளில் பெயர் பொறித்த பாடகியைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1912இல் இந்தியா வந்த மோரிஸ் தெலாஜ், பிரெஞ்சு இசையமைப்பாளர், ரவேலின் மாணவர். தாயியின் குரலில் சொக்கிப்போன அவர் ‘ராகமாலிகா’ என்று ஒரு பாட்டைப் பியானோவோடு எழுதினார். அதில் ஓர் இடத்தில் பியானோவின் ஒரு தந்திக்கு அடியில் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகச் சொல்லியிருக்கிறார், நம் தாள வாத்தியத்தின் அடங்கிய ஓசை வரட்டும் என்று. நம்மூர்ப் பெண்ணின் பாட்டுக்காகப் பாரிஸ்காரர் ஒருவர் தன் வாத்தியத்தின் தந்தியையே மாற்றிவைத்துப் பார்த்தார். ஒரு கைதட்டலுக்கு இடம் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை.

இடைவேளையில் அந்தப் பெரியவரைத் தண்ணீர்க் கேன் பக்கத்தில் பார்த்தேன். பேத்திக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “அம்மணி, நீங்கதானுங்களே தாள் திருப்புனது?” என்றார். ஆமாம் என்றேன். சிங்காநல்லூர்ப் பக்கம், மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், பேத்தி வயலின் படிக்கிறாள், அதனால் கூட்டி வந்தேன் என்றார். “முப்பத்தஞ்சு வருசம் மில்லுச் சத்தத்துல கெடந்த காதுங்க. அந்தப் புடில நெம்ப மெல்லிசா இழுத்தாரு பாருங்க, அதும் கேட்டுச்சுங்க. இந்தப் பொட்டி இழுக்காது, தட்டத்தான் செய்யும். ஆனா அது போட்ட தடத்துலயே புடிலு ஓடுது பாருங்க.” இதைவிட நன்றாக வயலின் – பியானோ சொனாட்டாவை எனக்கு விளக்கிச் சொன்னவர் யாருமில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “நா கைதட்டுனது தப்புங்களா?”

“தப்பே இல்லைங்க” என்றேன். அதற்குள் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். “நம்மளால அவங்களுக்கு எதுக்குங்க சங்கடம்” என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டதைப் பார்த்துவிட்டும், ஒரு நிமிடம் நின்று அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வராமல் போனேன். அது என் தவறு. இரண்டாம் பாதி தொடங்கியபோது நான்காம் வரிசை ஓரத்தில் இரண்டு இருக்கைகள் காலியாக இருந்தன.

அவர்கள் இழந்தது என்ன தெரியுமா? இரண்டாம் பாதியில் வாசித்தது செசார் ஃபிராங்கின் சொனாட்டா. 1886இல் வயலின் மேதை இசாயியின் கல்யாணப் பரிசாக அவர் எழுதியது. அதே ஆண்டு டிசம்பரில் பிரஸ்ஸல்ஸ் ஓவியக்கூடம் ஒன்றில் அதை வாசித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. படங்களுக்கு ஆகாது என்று விளக்கு ஏற்ற அனுமதி இல்லை. முதல் பகுதிக்குப் பின் மற்ற மூன்றையும் இருட்டில், நினைவிலிருந்தே வாசித்தார்கள் இசாயியும் பியானோ வாசித்த போர்த்-பேன் அம்மையாரும். திருப்பத் தாளும் தெரியாத அந்த இருட்டில் சபை உட்கார்ந்து கேட்டது. நம் அரங்கில் மூன்றாவது பகுதியின்போதே கைப்பேசி வெளிச்சத்தில் வழி பார்த்துக்கொண்டு முன்வரிசைகளிலிருந்து சிலர் கிளம்பிப் போனீர்கள். கதவு மூன்று முறை அடித்தது.

அந்தச் சொனாட்டாவின் கடைசிப் பகுதியில் பியானோ ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு முன்னே போகும். ஒரு தாள அளவு தள்ளி வயலின் அதே மெட்டை அப்படியே பிடித்துக்கொண்டு பின்னால் வரும். பாடுகிறவர் ஒரு சங்கதி போட, பக்கத்தில் இருக்கும் வயலின் அதைத் தொட்டுத் தொடர்வதைக் கச்சேரியில் கேட்டுப் பழகிய காதுக்கு இது சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல. பியானோ போட்ட தடத்தில் வயலின் ஓடுகிறது என்று இடைவேளையிலேயே கண்டு சொன்ன மனிதர், அதுவே உருவெடுத்து வந்த இடத்தைக் கேட்கவில்லை. வயலின் படிக்கிற அந்தப் பிள்ளையும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தைத் திருப்பும்போது என் கை நடுங்கியது.

இனி நான் கேட்பதற்கு வருகிறேன்.

அடுத்த முறை யாராவது ‘தவறான’ இடத்தில் தட்டினால் ‘உஷ்’ சொல்லாதீர்கள். முடிந்தால் சேர்ந்து தட்டுங்கள். முடியாவிட்டால் திரும்பிப் பார்க்காமலாவது இருங்கள். வாசிப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு நொடிக் கைதட்டலில் உடைந்துபோகும் அளவுக்கு பேத்தோவன் பலவீனமாக எழுதவில்லை. கைப்பேசியை மட்டும் உள்ளே வரும்போதே அணைத்துவிடுங்கள். கடைசி நாதம் அடங்கும்வரை உட்காருங்கள்.

விவரம் தெரிந்தவர்கள் நீங்கள், அதை மறுக்கவில்லை. அந்த விவரத்தைப் பக்கத்து இருக்கைக்காரரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். இது மூன்று பகுதி, இது நான்கு பகுதி, நடுவில் மெதுவாக ஒன்று வரும் என்று தொடங்கும்முன் இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அன்று கொடுத்த நிகழ்ச்சித் தாள் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. நடத்துகிறவர்களிடம் தமிழில் ஒரு பக்கம் கேளுங்கள். நீங்கள் கேட்டால் செய்வார்கள். எழுதிக் கொடுக்க நான் தயார், கூலி வேண்டாம். அந்தப் பெரியவரையும் பேத்தியையும் போன்றவர்கள் வராமல் போனால் இந்த ஊரில் இந்தக் கச்சேரிகள் நம் முந்நூறு பேரோடு வயதாகி முடிந்துவிடும். உங்கள் பிள்ளைகள் வாசிக்கும் நாளில் அவர்கள் எதிரில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. அந்தப் பெரியவரின் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். உங்களில் சிங்காநல்லூர்ப் பக்கம் இருப்பவர்கள், பழைய மில் நண்பர்கள், சின்னப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பவர்கள் யாருக்காவது அவரைத் தெரிந்திருந்தால் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடுத்த கச்சேரிக்கு நான்காம் வரிசை ஓரத்தில் இரண்டு இருக்கைகளைக் கேட்டு வாங்கி வைக்கிறேன். அன்றும் தாள் திருப்புகிறவள் நானாக இருந்தால் மேடையிலிருந்து பார்ப்பேன். அவர் கைதட்டும்போது நீங்களும் கூடத் தட்டுங்கள்.

அன்புடன்,
தாள் திருப்பியவள்